இரண்டாம் தடவை கேட்பது பற்றி

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நலமில்லை என்பதைத்தான் நேற்றுக் காலையில் போனில் கொட்டிவிட்டாயே. நான் அப்போதுதான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "அப்பா, பேசாம வேலையை விட்டுட்டு வந்துறேன். கடையில உக்காந்துக்கிறேன். டைல்ஸ் பேசாது, அதுகிட்ட எதைச் சொன்னாலும் தப்பாகாது" என்றாய். சிரிக்கிற மாதிரிதான் சொன்னாய். நீ சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது சிரிப்பு இல்லை. அதற்கப்புறம் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வந்த ஆளுக்குக் குளியலறைத் தரைக்குச் சுவர் டைல்ஸை எடுத்துக் காட்டியிருக்கிறேன். கணக்குப் பார்க்கிற செல்வின், "அண்ணே, நீங்க கொஞ்ச நேரம் வெளிய நடந்துட்டு வாங்க" என்று என் கடையிலிருந்தே என்னை அனுப்பிவிட்டான்.

நடந்து பார்த்தேன், ஆகவில்லை. அதனால் எழுதுகிறேன். போனில் பேசினால் நான் பாதியில் சத்தம் போடுவேன், நீ பாதியில் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். இதைச் செல்வின் போட்டோ எடுத்து அனுப்புவான். என்னை மாதிரி பிள்ளையை வெளிநாட்டில் விட்டுவிட்டு இங்கே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேறு யாரும் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ வர வேண்டாம். உன் அம்மா இதைக் கேட்டால் இன்று எனக்குச் சோறு கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் பிடித்திருக்கிறேனா, பார். ஹம்பர்க் துறைமுகத்தில் பெரிய குளிர்பதனக் கிடங்கு. அதற்கு மிஷின் பொருத்தி ஓடவிட்டுக் கொடுக்க வேண்டிய வேலை. நீதான் தலைமை, அதுவும் முதல் தடவை. உனக்குக் கீழே ஆளுக்கொரு ஊர்க்காரர்கள். அதில் ஃபின்லாந்துப் பெண் ஹன்னாவிடம் சனி ஞாயிறு வந்து மிஷினை ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டாய். முடியாது என்றாள். நீ சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டாய். காப்பி வாங்கிக் கொடுத்து மூன்றாம் தடவையும் கேட்டாய். அவள் நேராக மேலே போய், இவன் நான் சொல்வதை மதிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். உன்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அன்றிலிருந்து நீ கையைச் சுட்டுக்கொண்டவன் மாதிரி ஆகிவிட்டாய். யாரிடம் எதைக் கேட்டாலும் ஒரே தடவை, வேண்டாம் என்றால் அத்தோடு சரி.

அப்புறம்தான் அந்த ஈரான்காரர், பெஹ்ரூஸ். உன்னைவிட வயதில் மூத்தவர், வேலையில் கெட்டி. கடைசிக்கட்டப் பரிசோதனை முழுவதையும் நீங்கள் முன்னால் நின்று நடத்துகிறீர்களா என்று அவரிடம் கேட்டாய். "ஐயோ, நான் எதற்கு, என்னைவிடத் திறமையானவர்கள் இருக்கிறார்களே" என்றிருக்கிறார். நீயும் சரி என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே அதை ஒரு சின்னப் பையனிடம் கொடுத்துவிட்டாய். இப்போது அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். அவர் போனால் அந்த மிஷின் குறித்த நேரத்தில் ஓடாது, ஓடாவிட்டால் உனக்கு அங்கே இருப்பதில் அர்த்தமில்லை. அதனால் அவருக்கு முன்னால் நீயே ஓடிவந்துவிடலாம் என்று பார்க்கிறாய். இதுதானே விஷயம்?

டேய், அந்த மனுஷன் நம்ம ஊர்க்காரர் மாதிரியில்லையா இருக்கிறார்! நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு அதுதான் தோன்றியது. நம் வீட்டுக்கு யாராவது வந்து, சாப்பிடுங்கள் என்றதும் நேராக இலையில் உட்கார்ந்திருக்கிறார்களா? "வேணாங்க, இப்பத்தேன் சாப்ட்டு வாரேன்" என்பார்கள். நாம் விடமாட்டோம். "அட சும்மா ஒரு வாய், வாங்க" என்போம். "வேணாங்க" என்று இழுப்பார்கள். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்த பிறகு உட்கார்ந்து, நமக்கு வைத்திருந்த குழம்பையும் சேர்த்துக் காலி செய்துவிட்டுப் போவார்கள். முதல் தடவை சொல்கிற வேண்டாம் நம் ஊரில் கணக்கிலேயே வராது. ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டால், அவன் எங்கே கூப்பிட்டான், பேருக்குக் கேட்டான் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். நீ அந்தப் பழக்கத்தைத்தான் கப்பல் ஏற்றிக் கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் காட்டினாய். அது வேண்டிய இடம் வந்தபோது, பயத்தில் மறைத்து வைத்துக்கொண்டாய்.

இதில் உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. நான் கடை நடத்துகிற முறையே அதுதான். முதல் தடவை சொல்கிற வேண்டாமையெல்லாம் காதில் போட்டுக்கொண்டிருந்தால் எழுமலையிலிருந்து மதுரைக்கு ஒரே மாற்றுச்சட்டையோடு வந்த நான் இன்றைக்கு ஒரு கடைக்கு முதலாளி இல்லை. நீயும் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்து வளர்ந்தாய். ஆனால் அதிலே நான் உனக்குச் சொல்லித்தராத ஒரு பாதி இருக்கிறது. எனக்கே போன ஆவணியில்தான் அது விளங்கியது.

ஆனையூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தரை போடும் வேலையை எடுத்திருந்தேன். கல் நம்முடையது, பதிக்கிற ஆட்கள் பிஸ்வஜித் கோஷ்டி. பிஸ்வஜித்தை நீ பார்த்ததில்லை. வங்காளத்துப் பக்கம். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டான், மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் அவன் போட்ட தரையில் ஒரு நூல் பிசகு இருக்காது. லோடு இறக்குவது நம் மாயாண்டி. இவன் வாய் மூடாது, அவன் வாய் திறக்காது. ஆனாலும் இரண்டு பேருக்கும் நல்ல ஒட்டு. அந்தச் சமயம் மாயாண்டி மகளுக்கு எழுமலையில் காதுகுத்து. கெடா வெட்டு. "அண்ணே, பாய்ங்க எல்லாரையும் கூட்டிட்டு வரணும்" என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனுக்கு வடக்கே இருந்து வந்த யாரும் பாய்தான். வேன் பிடித்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பந்தியில் பிஸ்வஜித் இலைக்கு மேலே கையை வைத்து மறைத்தான். "வேணாம்" என்றான். நன்றாகத் தமிழில்தான் சொன்னான். மாயாண்டி கறிவாளியோடு நின்றுகொண்டு, "என்ன பாய், எங்க வீட்டுக் கறி வேணாமா? உங்க ஊர்ல மீனு மட்டுந்தேன் இறங்குமோ?" என்றான். பந்தியே சிரித்தது. பிஸ்வஜித்தும் சிரித்தான், கையை எடுக்கவில்லை. பக்கத்து இலையில் நான். சும்மா இருந்திருக்கலாம். "அட சாப்பிடுப்பா, மாயாண்டி மனசு கஷ்டப்படும்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் கையை மெல்ல நகர்த்திவிட்டு, "போடுறா மாயாண்டி" என்றேன். மாயாண்டி போட்டான். நிறையவே போட்டான். பிஸ்வஜித் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றான். எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

மறுநாள் காலையில் மண்டபத்தில் ஆளில்லை. வாந்தி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. விசாரித்தால், போன மாசம்தான் மஞ்சக்காமாலை வந்து எழுந்திருக்கிறான். எண்ணெய் கறி எதையும் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். அவன் மேல்தான். சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? முகூர்த்தத் தேதி கொடுத்துவிட்ட மண்டபம், மேடைக்கு முன்னால் பாதித் தரை மண்ணாகக் கிடக்கிறது. அவன் இல்லாமல் அவன் ஆட்கள் கொத்துக்கரண்டியைக் கையில் எடுக்கமாட்டார்கள். மண்டபக்காரர் எனக்குப் போன் போட்டு, எடுத்த எடுப்பிலேயே அண்ணே என்று கூப்பிடாமல் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர்கள் தங்கியிருந்த அறைக்குப் போனேன். கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு. ஏன்ப்பா, உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"வேணாம் சொன்னேன் அண்ணே."

"அது சரி. எல்லாரும் முதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க. திருப்பிச் சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன அடிச்சுடவா போறேன்?"

"மாயாண்டி அண்ணே கேட்டாரு, நான் வேணாம் சொன்னேன். அவர் மறுபடி கேட்டாலும் வேணாம் சொல்லுவேன். அப்புறம் நீங்க கேட்டீங்க. நீங்க மொதலாளி. மொதலாளிக்கு எத்தனை வேணாம் சொல்றது?"

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன். கணக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

தம்பி, இதுதான் அந்த மறுபாதி. மாயாண்டி மூன்று தடவை கேட்டால் அது உபசாரம். கூலி கொடுக்கிற நான் மூன்று தடவை கேட்டால் அது உத்தரவு. வார்த்தை ஒன்றுதான், சிரிப்பு ஒன்றுதான், தோளில் போடுகிற கைகூட அதே கைதான். ஆனால் வாங்கிக்கொள்கிறவன் இடத்தில் அது வேறு பொருளாகப் போய் இறங்குகிறது. ஹன்னாவிடம் நீ காப்பிக் கோப்பையோடு போய் நின்றபோது, நீ நம் வீட்டுப் பந்தியில் நிற்பதாக நினைத்துக்கொண்டாய். அவள் பார்த்தது தன் வேலையை அளக்கிற ஆளை. அவளை நான் தப்புச் சொல்லமாட்டேன். பிஸ்வஜித்துக்கு இல்லாத வசதி அவளுக்கு இருந்தது, மேலே போய்ச் சொன்னாள். சொல்லாமல் செய்துவிட்டு உள்ளுக்குள் வெறுத்திருந்தால் உனக்கு நல்லதா?

அதற்காக இனி எல்லோரிடமும் ஒரே தடவைதான் என்று நீ முடிவு செய்தது பார், அங்கேதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதைவிட மோசம், நேற்று நீ சொன்ன அட்டவணை. எந்த நாட்டுக்காரனிடம் எத்தனை தடவை கேட்கலாம் என்று எங்கிருந்தோ படித்து எழுதி வைத்திருக்கிறாயாமே? அதை முதலில் அழி. டைல்ஸ் பெட்டிக்குத்தான் மேலே, நிறம் இன்னது என்று ஷேடு நம்பர் ஒட்டி வரும். அதிலேயே பிரித்துப் பார்த்தால் மாறியிருக்கிறது. பிஸ்வஜித்தும் அவன் கோஷ்டியில் இருக்கிற மச்சினனும் ஒரே ஊர், ஒரே தெரு. மச்சினனுக்கு இரண்டாம் தடவை கேட்காவிட்டால் முகம் தொங்கிவிடும். அவ்வளவு தூரம் எதற்கு, செல்வின் வீட்டை எடுத்துக்கொள். பசுமலையில் வீடு கட்டிக் குடிபோனபோது நானும் உன் அம்மாவும் போனோமே. அவன் மனைவி பள்ளிக்கூடத்து டீச்சர். மேசையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, "எடுத்துப் போட்டுக்கங்க" என்று ஒரே தடவை சொன்னது. நாங்கள் நம் வழக்கப்படி "போதும், போதும்" என்று உட்கார்ந்திருந்தோம். அது நம்பிவிட்டது. திரும்பி வரும் வழியில் உன் அம்மா, "ஒரு தோசையாச்சும் வாங்கித் தாங்க, கண்ணு இருட்டுது" என்றாள். இரண்டு பேரும் புரோட்டாக் கடையில் இறங்கினோம். பட்டுச்சேலையோடு உன் அம்மா சால்னாவுக்கு நின்றதை இன்றைக்கும் செல்வினிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுக்கும்போது படித்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது, மதுரைக்குள்ளேயே வீட்டுக்கு வீடு இது வேறு. நீ நாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டு வைத்தால் எப்படி விளங்கும்?

பின்னே எது நிஜமான வேண்டாம், எது மரியாதைக்குச் சொல்கிற வேண்டாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பாய். கடையில் நான் வாயைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பேன். "வேணாங்க, விலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, டைல்ஸ் மேல் வைத்த கையை எடுக்காமல் நிற்கிறவன் ஒரு ரகம். வேண்டாம் என்று சொல்லும்போதே வண்டிச் சாவியைத் தேடுகிறவன் ஒரு ரகம். இரண்டாமவனைத் துரத்தினால் அவன் மட்டும் இல்லை, அவன் தெருவே நம் கடைக்கு வராது. முதலாமவனை விட்டால் மடத்தனம். நேற்று நீ பேசும்போது இரண்டு விஷயம் சொன்னாய், நீயே கவனிக்கவில்லை. ஹன்னா முடியாது என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாள் என்றாய். பெஹ்ரூஸ் நான் எதற்கு என்று சொல்லிவிட்டு, "அப்படியானால் பரிசோதனையை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார் என்றாய். வேண்டாதவன் அதைக் கேட்பானா? அவர் கை டைல்ஸ் மேலேதான் இருந்திருக்கிறது, தம்பி. நீதான் கடையை மூடிவிட்டாய்.

பிஸ்வஜித்திடம் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உனக்கு உதவும். அவனிடம், "உடம்பு தேறட்டும், எப்ப வரமுடியும்னு நீ சொல்லு, நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போனை எடுப்பேன், வைப்பேன். மண்டபக்காரரிடம் நானே நேரில் போய், ஆள் படுத்துவிட்டான், காரணம் நான்தான் என்று சொல்லி, வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் மாயாண்டி ஓடிவந்தான். "அண்ணே, பாய் வந்து மட்டப்பலகையைத் தேடுறான், எங்க வச்சீக?" என்றான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வரைக்கும் வேலை நடந்தது, தரை முடிந்தது. அதற்கப்புறம் அவர்களிடம் நான் எதையும் சுற்றி ஆள் இருக்கும்போது கேட்பதில்லை. தனியாகக் கேட்பேன், யோசித்துச் சொல் என்று விட்டுவிடுவேன். நிஜமாகவே முடியாது என்றால் அது முடிந்தது. மரியாதைக்குத்தான் மறுத்தான் என்று தோன்றினால் மறுநாள் அவன் இடத்துக்கு நான் போய்க் கேட்பேன், என் இடத்துக்கு அவனைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. மாயாண்டி கேலி பேசுகிறான். "அண்ணே, பொண்ணு கேக்கப் போற மாதிரில போறீக! தாம்பாளத் தட்டு எடுத்துட்டு வரவா?" என்கிறான். பேசட்டும்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே. பெஹ்ரூஸ் வீட்டுக்குப் போ. ஆபீசுக்குக் கூப்பிடாதே, அங்கே நீ அதிகாரி. அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் நீ விருந்தாளி, அவர் பெரியவர். டீ கொடுப்பார். நீ வேண்டாம் என்று சொல்லிப் பார், விடமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்கிற விதத்திலேயே உனக்கு எல்லாம் விளங்கிவிடும். அப்புறம் சொல்: "உங்களிடம் நான் சரியாகக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்" என்று சொல். சாக்குச் சொல்லாதே, ஹன்னா கதையை இழுக்காதே. அந்தச் சின்னப் பையனிடமும் முதலில் பேசிவிட்டுப் போ, அவனிடமிருந்து பிடுங்கி இவரிடம் கொடுத்தால் இன்னொரு மனக்கசப்பு. அதற்கு மேலும் அவர் வேண்டாம் என்றால், கையைப் பார். நிஜமாகவே எடுத்துவிட்டார் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வா. ஆள் போய்விடலாம். அது நடக்கிறதுதான். ஆனால் கேட்காமல் போகவிட்டது என்று இருக்கக் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதலாமா என்று தெருமுனை வரை இரண்டு நடை நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீ ஜெர்மனிக்குப் போவதற்கு முந்தின வாரம், கடை வாசலில் லோடு வந்து நின்றது. மாயாண்டி வரத் தாமதம். நீயும் நானும் ஒரு பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நீ கேட்டாய், "அப்பா, நான் இங்கயே இருந்துறவா? உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்ல?" நான், "வேணாம்டா, போ. இங்க என்ன இருக்கு" என்றேன். நீ சரி என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். என் கை பெட்டி மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. நீ பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தந்ததும் இல்லை. அன்று நீ இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அநேகமாக அப்போதும் போ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்டிருக்கலாம் என்று ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் எழுந்து போகவில்லை.

நேற்று நீ வந்துறேன் என்றதும் எனக்கு என்ன ஆனது தெரியுமா? மாடியில் சாமான் போட்டு வைத்திருக்கிற அறையைக் காலி செய்தால் உனக்கு மேசை போடலாம் என்று மனசு அளக்க ஆரம்பித்துவிட்டது. ஷட்டர் பாதியில் நிற்கிறது, நான் அறையை அளந்துகொண்டிருக்கிறேன். முட்டி முன்னைப்போல இல்லை, மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறேன். நீ வந்தால் எனக்கு லாபம்தான், மறைக்கவில்லை. அதனால்தான் என் பேச்சை நானே நம்பாமல் மறுபடி யோசித்து மறுபடி சொல்கிறேன். இப்போது வர வேண்டாம். ஒரு மனுஷனிடம் இரண்டாம் தடவை கேட்கப் பயந்து ஓடிவருகிற ஆளை நான் கடையில் உட்காரவைக்க முடியாது. அவனுக்கு இங்கேயும் மாயாண்டி இருக்கிறான், பிஸ்வஜித் இருக்கிறான், செல்வின் இருக்கிறான். டைல்ஸ் பேசாது என்றாய். டைல்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லாம் பேசுவார்கள்.

முதலில் அந்தக் கதவைப் போய்த் தட்டு. அவர் இருந்தாலும் போனாலும், எடுத்த வேலையை நின்று முடித்துக் கொடு. அந்த மிஷின் ஓடட்டும். ஓடின பிறகு, உன்னை யாரும் துரத்தாதபோது, உனக்கு அங்கே நல்லபடியாக இருக்கும்போது, ஒருநாள் காலையில் நான் ஷட்டர் தூக்குகிற நேரமாகப் பார்த்துப் போன் போடு. அப்போதும் உனக்கு வரத் தோன்றினால், இங்கயே இருந்துறவாப்பா என்று இரண்டாம் தடவை கேள்.

நான் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உன் அப்பா